வெள்ளிக்கிழமை ஆக்ரா போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

டிக்கெட் போட்டுவிட்டாயாம். அத்தான் சொல்லித்தான் தெரிந்தது. நீ போய் இறங்குவது வெள்ளிக்கிழமை. தாஜ்மகாலுக்கு வார விடுமுறை.

அன்றைக்கு யமுனையின் எதிர்க்கரையில் மேதாப் பாக் என்ற தோட்டம் திறந்திருக்கும். தாஜுக்கு நேர் எதிரே என்றாலும் பாலம் சுற்றித்தான் போகவேண்டும். ஆட்டோவில் ‘கச்புரா’ என்று சொல். நூர்ஜகானின் அப்பா இத்மாத்-உத்-தௌலாவின் கல்லறையும் அந்தக் கரையில்தான். அதை முதலில் பார்த்துவிடு. டிசம்பர் காலையில் தோட்டத்துக்குப் போகாதே, மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியாது. நீ தெற்கே பார்த்து நிற்பாய். குளிர்காலச் சூரியனும் தெற்கே சாய்ந்து போவதால் நண்பகலில் எடுக்கும் படம் வெறும் நிழலுருவம்தான். மூன்றரைக்கு மேல் போனால் கும்மட்டத்தின் மேற்கு ஓரம் மஞ்சளாகும். வடக்கு முகத்திலும் வெயில் விழவேண்டுமென்றால் ஜூனில் வரவேண்டும். நீயாவது, ஜூனில் வருவதாவது! சூரியன் மறைந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஷாஜகான் இந்தக் கரையில் கட்ட நினைத்ததாகக் கதை சொல்லும் கறுப்புத் தாஜின் அஸ்திவாரம் என்று யாராவது காட்டினால் நம்பாதே. 1990களில் தோண்டியபோது கிடைத்தது பெரிய எண்கோணக் குளமும் நீரூற்றுகளும். தாஜின் பிம்பம் தண்ணீரில் தெரிவதற்காக வெட்டிய குளம் அது. இப்போது தண்ணீர் இல்லை. நான்கு மூலைக் கோபுரங்களில் தென்கிழக்கில் ஒன்றுதான் மிச்சம். ஆற்றங்கரைத் தோட்டத்தின் சாபம் அதுதான்: அழகும் ஆற்றால், அழிவும் ஆற்றால்.

1652-இல் தக்காணம் போகும் வழியில் ஔரங்கசீப் ஆக்ராவில் நின்று தன் அப்பா ஷாஜகானுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மேதாப் பாக் வெள்ளத்தில் மூழ்கிக் களையிழந்துவிட்டது, சீக்கிரம் துளிர்த்துவிடும், எண்கோணக் குளத்துக்குச் சேதமில்லை என்கிறான். தாஜின் கும்மட்டம் மழையில் எங்கே ஒழுகுகிறது என்பதையும் குறிப்பிட்டு எழுதுகிறான். எவ்வளவு பொறுப்பான பிள்ளை! ஆறு வருஷத்தில் அதே அப்பாவைக் கோட்டையில் அடைத்தான். பிறகு ஷாஜகான் 1666-இல் சாகும்வரை வெளியே வரவில்லை.

அப்பாவின் வீட்டுக் கூரை ஒழுகுவதை எனக்கு எழுதியவள் நீதான். அன்று போனில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் பத்திரப் பேச்சையும் அன்றைக்கே எடுத்தாயே, அதுவும் நியாயமில்லை. நாலு பேர் படிக்கும் இடம் இது, மீதி வேண்டாம்.

வேலிக்கு அப்பால் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். காவலரிடம் வாதாடாதே, உன்னைத் தெரியும். சாயங்காலம் கரையில் குளிர் ஏறும்; ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதே.

தம்பி