செயலாளரின் ஆண்டறிக்கை: நம் தெருவுக்கு வரும் தண்ணீர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முடிச்சூர்க் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, குப்பை வண்டி, கொசு மருந்து பற்றி எழுதிய மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த வேலை என்று நான் கருதுவது ஒன்றைத்தான். அடையாறு நம்மிடம் வருகிற வழியைத் தேடி, மேற்கே நடந்து பார்த்தோம்.

மழை வலுத்தால் நம் தெருக்களில் எழும் முதல் கேள்வி, "செம்பரம்பாக்கம் திறந்துவிட்டார்களா?" என்பதுதான். 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி வரை அங்கே திறந்துவிட்டதை யாராலும் மறக்க முடியாது. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலை. ஆற்றின் போக்கில் அது நமக்குக் கீழே இருக்கிறது. ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அந்த நீரில் தவித்தன. கீழே ஆறு நிறைந்து நின்றால் நம் வெள்ளம் வடியத் தாமதமாகும் என்பது உண்மைதான். என்றாலும் நம் வீடுகளுக்குள் புகுந்தது வேறு தண்ணீர்.

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. ஏரிகளின் வழிநீரே ஆறாகி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் என்று ஒன்று நிறைந்து அடுத்ததற்கு இறங்கி வரும் தண்ணீர் ஒரு பக்கம். மணிமங்கலத்துப் பெரிய ஏரி மறுபக்கம். இவை நிறைந்ததும் உபரிநீர் வழிந்து வெளியேறும் கலங்கல்கள்தாம் நம் தலைவாசல்.

மணிமங்கலம், பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர். ஆனால் கரையில் நின்றபோது எங்கள் கண் முழுவதும் கலங்கல்மேல்தான் இருந்தது. கற்கட்டின்மேல் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே இரண்டு சிறுவர்கள் பழைய கொசுவலையை விரித்துக் கெண்டை பிடித்தார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னதும், "கலங்கல் இரைச்சல் கூடினால் உங்களுக்குச் சொல்லிவிடட்டுமா ஐயா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் வேறு யாரும் நம்மிடம் இப்படிக் கேட்டதில்லை. அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, நம் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் பார்த்த ஒரு போக்குக்கால்வாயில் கட்டட இடிபாட்டைக் கொட்டிப் பாதி அகலத்தை மூடியிருந்தார்கள். படங்களுடன் உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். இருமுறை நினைவூட்டியும் பதில் வரவில்லை. மூன்றாம் முறை நேரில் போக வேண்டும். குறைந்தது பத்துப் பேராவது வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு அழைப்பை எடுக்க, தெருவுக்கு இருவர் பெயர் தேவை. பதிவேட்டை மேசைமேல் வைத்திருக்கிறேன். பொருளாளர் வரவு செலவைத் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.