எண்ணெயை எடை போட்டு ஊற்று, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பேரன் பிடுங்கிக்கொள்கிறான், விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதைப் பற்றித்தான் நானும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீயும் ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று வைத்துக்கொண்டு, சாப்பிடுவதையெல்லாம் செயலியில் பதிந்து வருகிறாய். ஆனாலும் எடை அசையவில்லை. "என் உடம்பே இப்படித்தான் போலப்பா" என்று நீ சொன்னது அம்மாவை ரொம்பப் பாதித்துவிட்டது.

உடம்பைக் குறை சொல்வதற்கு முன்னால் கணக்கைப் பார்ப்போம். எதை வைத்து அளக்கிறாய் என்று கேட்டேன். அரிசிக்குக் கப், எண்ணெய்க்கு ஸ்பூன், சாம்பாருக்குக் கரண்டி, வேர்க்கடலைக்குக் கைப்பிடி என்றாய். கயல், இது ஒன்றும் எடை இல்லை. கலோரி என்பது கிராமுக்கு இவ்வளவு என்று போடுகிற கணக்கு. கப்பைத் தட்டி நிரப்பினால் ஒரு எடை, தளர்வாக நிரப்பினால் வேறு எடை. விருதுநகரில் கடை வைத்துத் தராசோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், கண்ணும் கையும் சாப்பாட்டு விஷயத்தில் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். நீ பொய்க் கணக்கு எழுதவில்லை. அளக்கும் முறை உனக்குச் சரியான கணக்கைத் தரவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு எலக்ட்ரானிக் கிச்சன் தராசு வாங்கு. 5 கிலோ வரை தாங்குவதாகவும், ஒவ்வொரு கிராமாகக் காட்டுவதாகவும் இருந்தால் போதும். கடைத் தராசுக்குத் தொழிலாளர் துறையில் முத்திரை போடுவார்கள், வீட்டுத் தராசுக்கு அது கிடையாது. ஆகவே நீயேதான் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூபாய்க் குறி போட்ட பத்து ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் 7.7 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பத்து நாணயங்களைச் சேர்த்து வைத்தால் 77 காட்ட வேண்டும். ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. அதே நாணயங்களைத் தட்டின் நான்கு மூலையிலும் வைத்துப் பார். மூலைக்கு மூலை மாறினால் அந்தத் தராசைத் திருப்பிக் கொடுத்துவிடு. அதிக எடைக்கும் ஒரு சோதனை வேண்டும். பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தால் உறையோடு சேர்த்து ஆயிரத்துக்குச் சில கிராம் கூடக் காட்டும்.

தராசை மேடையில் சமமான இடத்தில் வை, துணி விரித்து அதன் மேல் வைக்காதே. நேர் மேலே மின்விசிறி ஓடினால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். சூடான குக்கரை அப்படியே தூக்கி வைத்துவிடாதே. உள்ளே இருப்பது பாரத்துக்கு வளைந்து கொடுக்கிற சின்ன உலோகத் துண்டுதான், சூடு பட்டால் தப்பாகக் காட்டும். ஒரு மரப்பலகையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன் மேல் பாத்திரத்தை வை. அப்புறம், பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும், அது கிராமை அவுன்ஸாகவும் மில்லியாகவும் மாற்றிவிடும். எடை போடும்போதெல்லாம் 'g' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இன்னொன்று, ஒரு கிராம் ஒரு கிராமாக மெதுவாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கவனிக்காமலே இருந்துவிடும். அப்படித் தோன்றினால் கிண்ணத்தைத் தூக்கி மறுபடி வை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். எண்ணெய்.

மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. கொழுப்பில் 9. எண்ணெய் என்பது முழுக்கக் கொழுப்பு, அதில் தண்ணீரே கிடையாது. நீ செயலியில் 'ஒரு டீஸ்பூன்' என்று போடுகிறாய். 5 மில்லி என்றால் நாலரை கிராம், சுமார் 40 கலோரி. ஆனால் தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்துத்தானே ஊற்றுகிறாய்? அப்படி ஊற்றினால் 15 கிராம் விழுவது சாதாரணம். அது 135 கலோரி. காலையில் சட்னிக்கு, மதியம் பொரியலுக்கு, ராத்திரி தோசைக்கு என்று ஒவ்வொரு தடவையும் இப்படி நடந்தால், கணக்கில் வராமலே 280 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. நீ சாப்பாட்டில் குறைத்ததெல்லாம் அங்கேயே சரிக்குச் சரியாகிவிடும்.

எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி எடை போட வேண்டாம், பாதி கிண்ணத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பாட்டிலையே தராசில் வை. பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கு. பாட்டிலை எடுத்து வாணலியில் ஊற்று, திரும்ப வை. மைனஸ் போட்டு ஒரு எண் வரும், அதுதான் நீ ஊற்றிய எடை. இரண்டு நொடி வேலை. நெய் ஜாடிக்கும் இதே முறைதான், தேங்காய் எண்ணெய்க்கும் இதேதான். நடுவில் தராசு தானாக அணைந்துவிட்டால் பூஜ்யம் போய்விடும், அதனால் ஊற்றி முடித்ததும் உடனே வைத்துவிடு.

இதோடு நிற்காதே, மாதக் கடைசியில் இருப்பைப் பார். கடையில் நான் தினம் எழுதியது சரியா தப்பா என்று காட்டியது மாதக் கடைசி இருப்புதான். ஒரு லிட்டர் எண்ணெய் உறையில் 910 கிராம் என்று போட்டிருக்கும். உங்கள் மூன்று பேருக்கும் மாதம் 3 லிட்டர் செலவானால் அது 2730 கிராம். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 91, ஆளுக்கு 30 கிராம். கலோரியில் சொன்னால் 270. உன் செயலியில் எண்ணெய் நாளைக்கு 10 கிராம் என்று இருந்தால், மீதி எங்கே போனது என்று நீயே தேடு. குழந்தை குறைவாகச் சாப்பிடுவான் என்பதையும் சேர்த்துக்கொள், உன் பங்கு இன்னும் கூடும்.

அடுத்தது சோறு. சோற்றை எடை போட்டுக் கணக்குப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதைக் குக்கரில் கெட்டியாக வைத்தால் 250 கிராம் சோறு வரும், தண்ணீர் கூட வைத்துக் குழைத்தால் 320 கூட வரும். கலோரி மாறுவதில்லை, தண்ணீர்தான் கூடுகிறது. ஆகவே உன் தட்டில் 150 கிராம் சோறு இருந்தால் அது 210 கலோரியாகவும் இருக்கலாம், 165 ஆகவும் இருக்கலாம். செயலியில் '100 கிராம் சோறு 130' என்று இருப்பது யாரோ எப்போதோ சமைத்த சோற்றின் கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையும் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்குத்தான் கணக்குத் தருகிறது. அதனால் அரிசி, பருப்பு, ரவை, கோதுமை மாவு, கறி எல்லாவற்றையும் சமைக்கும் முன்னாலேயே எடை போடு.

எல்லாருக்கும் சேர்த்துத்தானே சமைக்கிறேன், என் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்குப் பாத்திரத்தின் எடை தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அடிக்கடி புழங்கும் குக்கர், குழம்புச் சட்டி, வாணலி எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து காலியாக எடை போட்டு, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடு. சாம்பாரை எடுத்துக்கொள். துவரம்பருப்பு 100 கிராம், 340 கலோரி. எண்ணெய் 15 கிராம், 135. முருங்கைக்காய், தக்காளி, வெங்காயம் எல்லாம் சேர்ந்து ஒரு 85. மொத்தம் 560. இறக்கியபின் சட்டியோடு எடை போட்டுச் சட்டி எடையைக் கழித்தால் 1400 கிராம் சாம்பார் என்று வைத்துக்கொள். கிராமுக்கு 0.4 கலோரி. நீ 250 கிராம் ஊற்றிக்கொண்டால் 100 கலோரி. சோற்றுக்கும் இப்படியே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எவ்வளவு போட்டாய் என்று பார்க்கவே வேண்டாம்.

தோசை மாவு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். மாவு புளித்துப் பொங்கினால் பாத்திரம் நிறைந்து நிற்கும், எடை மட்டும் கூடுவதில்லை. ஆகவே அன்றைக்கு அரைத்த மாவில் ஒரு கரண்டியும், மறுநாள் பொங்கிய மாவில் ஒரு கரண்டியும் ஒன்றல்ல. கலக்கி விட்டால் மறுபடி மாறும். இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம் ஊறப்போட்டால் மொத்தம் 1750 கலோரி. அரைத்து முடித்ததும் தண்ணீரோடு மாவு 1400 கிராம் வந்தால், கிராமுக்கு 1.25. மாவுப் பாத்திரத்தையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஒரு கரண்டி எடுத்துக் கல்லில் ஊற்று. மைனஸ் 80 என்று வந்தால் அந்தத் தோசை 100 கலோரி, சுற்றி விடும் எண்ணெய் தனி. சில தடவை இப்படிப் பார்த்துவிட்டால் உன் கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்று பழகிவிடும், தினமும் வேண்டாம். ஆனால் அரைக்கும் தண்ணீர் அளவு மாறினால் கணக்கும் மாறும், ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் மொத்த மாவை மட்டும் எடை போட்டுக்கொள்.

தேங்காய், வேர்க்கடலை, முந்திரி, எள்ளு, இவற்றையும் விடாதே. வேர்க்கடலை 100 கிராமில் 500 கலோரிக்குக் குறையாது. உன் கைப்பிடியும் மாப்பிள்ளை கைப்பிடியும் ஒன்றா? கறி சமைத்தால் எலும்பைத் தனியாக வைத்துக் கடைசியில் கழித்துவிடு. வாழைப்பழத்தைத் தோல் உரித்தபின் எடை போடு, தோலே மூன்றில் ஒரு பங்கு. பாலில் பாக்கெட்டைப் பார்த்து வாங்கு. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், முழுக் கொழுப்புப் பாலில் 6. 100 மில்லிக்கு ஒன்று 60 கலோரி, மற்றது 90 கிட்டே. நாலு காபி குடிக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வெல்லமும் கருப்பட்டியும் உடம்புக்கு நல்லது, அதனால் கணக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கடையில் விற்றவன் சொல்கிறேன், கலோரியில் சர்க்கரைக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கீரை, சுரைக்காய், பூசணி, வெள்ளரிக்காய், இவற்றை எடை போட்டு நேரத்தை வீணாக்காதே. அள்ளிப் போட்டுச் சாப்பிடு. 30 கிராம் கூடிப்போனால் பெரும்பாலும் பத்து கலோரிகூட வராது. கடுகு, மிளகு, மல்லித்தூளையும் விட்டுவிடு. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓடாதே. அட்டவணையில் இருப்பதே சராசரிதான். எண்ணெயும் தானியமும் கொட்டை வகைகளும் இனிப்பும் சரியாக இருந்தால் உன் கணக்கு நம்பத்தக்கதாக இருக்கும்.

கல்யாண வீட்டிலும் அத்தை வீட்டிலும் தராசைத் தேடாதே. அன்றைக்கு ஒரு தோராயம் எழுதிவிட்டுச் சந்தோஷமாகச் சாப்பிடு. அதைவிட முக்கியமாக ஒன்று. எண் கூடிவிட்டது என்று ராத்திரி பட்டினி படுக்கிறாய் என்றோ, தட்டைப் பார்த்தாலே பயம் வருகிறது என்றோ ஆனால், தராசை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல். எனக்கும் சொல். நீ தெம்பாக நடமாட வேண்டும் என்பதற்குத்தான் இத்தனையும்.

உடம்பு எடையையும் தினம் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. உப்பும் தண்ணீரும் மாறினாலே ஒரு கிலோ ஏறி இறங்கும். புதிய கணக்கை ஒரு மாதம் ஒழுங்காக எழுதிவிட்டு, வாராவாரம் எடுத்த எடையோடு சேர்த்துப் பார். அப்போதும் அசையவில்லை என்றால் அந்த நோட்டை அப்படியே டாக்டர் முன்னால் வை. தைராய்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்ப்பதற்கு அந்தக் கணக்கு உதவும்.

அம்மா இட்லிப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். எள்ளும் உளுந்தும் எவ்வளவு கிராம் போட்டாள் என்று டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் பார்சல் வரும். குழைக்கிற நல்லெண்ணெயை நீதான் எடை போட வேண்டும். பாத்திரங்களின் எடையை எழுதி முடித்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பு. முதல் சாம்பார்க் கணக்கை நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்டுவிடலாம்.

அன்புடன்,
அப்பா