மாஸ்க் மாட்டிவிட்டுப் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தூக்க மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கும், தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சிபேப் மெஷினை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 51. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மெஷின் போட ஆரம்பித்து இன்றோடு 73 நாள் ஆகிறது. கோபம் எதுவும் இல்லாமல் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். முதல் பதினோரு ராத்திரியின் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உங்கள் ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பெட்டியோடு வந்தார். சின்னப் பையன், நல்ல பையன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே பிளக்கைச் சொருகினார், தண்ணீர் டப்பாவைக் காட்டினார், மாஸ்கை என் முகத்தில் வைத்துப் பின்பக்கம் பட்டையை இழுத்தார். "இவ்ளோதான் ஆன்ட்டி. போட்டுட்டுப் படுத்துடுங்க" என்றார். 46,000 ரூபாயை இரண்டு தடவை எண்ணினார். நான் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார். பணத்தை எண்ணிய நேரத்தில் பாதியைக்கூட மாஸ்குக்குக் கொடுக்கவில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பளை குறட்டை விட்டால் வீட்டில் கிண்டல் செய்வார்கள், பொம்பளை குறட்டை விட்டால் வெளியே சொல்லவே மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. நாலு வருஷமாகப் பகலெல்லாம் தூக்கம். தைராய்டு பார்த்தார்கள், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக எழுந்ததால் சர்க்கரையும் இரண்டு முறை பார்த்தாயிற்று. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும், ராத்திரி அடிக்கடி சிறுநீர் வருவதே அதன் அடையாளமாக இருக்கலாம் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் லெட்ஜரில் வரவு எழுதிக்கொண்டிருந்தபோதே தூங்கிப்போய், பேனாக் கோடு கட்டத்தைத் தாண்டிப் பக்கத்தின் அடிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் என்னை உலுக்கி எழுப்பினார். "இன்னாமா நீ, மூச்சே வுடல. பயந்துட்டேன்."

விரலிலும் மார்பிலும் கருவியைக் கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி தூங்கிய டெஸ்ட்டில் 41 என்று வந்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் 41 தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி, மூச்சு நிற்கிறது அல்லது சுருங்கிப்போகிறது. 30-க்கு மேல் போனாலே கடுமையான வகை. தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து உள்ளே சரிந்து மூச்சு போகும் வழியை அடைக்கின்றன. மெஷின் ஊதும் காற்று அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. இதை டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு நன்றாகவே விளக்கினார். நோயைச் சொல்ல உங்களுக்கு நேரம் இருந்தது. குறை சொல்ல மாட்டேன்.

முதல் ராத்திரிக்கு வருகிறேன். மாஸ்கைப் போட்டுப் படுத்தேன். பட்டனை அழுத்தினேன். சரியாக இருபது நிமிஷம். மூச்சு முட்டுகிறது, யாரோ தலையணையை வைத்து அழுத்துவது போல இருக்கிறது. பிய்த்துப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். காற்று அதிகமாக அடிப்பதால்தான் இப்படி என்று நினைத்தேன். நடந்ததோ நேர்மாறு. பெட்டியில் வந்தபடியே, காற்றின் அழுத்தத்தை மெஷினே 4 முதல் 20 வரை கூட்டிக் குறைக்கும்படி விட்டிருந்தார்கள். நான் விழித்துக் கிடந்தவரை மெஷின் 4-லேயே நின்றது. வளர்ந்த ஆட்கள் பலருக்கு 4 போதாது, ஸ்ட்ராவில் மூச்சு இழுப்பது போல இருக்கும். காற்றுக் குறைவை நான் காற்று அதிகம் என்று புரிந்துகொண்டு, இன்னும் குறைக்க வழி தேடினேன்.

அப்புறம் மூக்குத்தி. வலது மூக்கில் எட்டுக்கல் பேசரி, கல்யாணத்துக்கு அம்மா போட்டது. மாஸ்கின் ரப்பர் ஓரம் சரியாக அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது. அந்த இடைவெளியில் காற்று சீழ்க்கை அடித்துக்கொண்டு நேராக வலது கண்ணுக்குள் போயிற்று. காலையில் கண் மிளகாய்ப்பழம். பட்டையை இறுக்கினால் திருகாணி உள்ளே குத்தி மூக்குத் தண்டில் ரத்தம் கட்டியது. கழற்றி வைக்கிறேன் என்றதற்கு என் மாமியார், "இருபத்தஞ்சு வருசம் போட்ட நகையைக் காத்தடிக்கிறதுக்காகக் கழட்டுவியா?" என்று கேட்டார். அத்தையைச் சொல்லிப் பயனில்லை. உங்கள் கையேட்டைத்தான் கேட்கிறேன். ஆங்கிலத்தில் 60 பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்தப் புத்தகத்தில் மூக்குத்தி என்று ஒரு வரி கிடையாது. எண்ணெய் வைத்துப் பின்னிய தலையில் பட்டை வழுக்கும் என்று கிடையாது. தாலிச் சங்கிலியில் குழாய் மாட்டிக்கொள்ளும் என்று கிடையாது. தமிழ்நாட்டுப் பெண்கள் யாரும் இதைப் போட மாட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டீர்களா?

மூன்றாம் நாள் வாய் திறந்துகொண்டு நாக்கு சுட்ட அப்பளமாகக் காய்ந்தது. நாலாம் நாள் காற்றை விழுங்கி விழுங்கி வயிறு உப்பி, கடையில் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் நம்பருக்குப் போன் செய்தேன். "பழகிடும் மேடம்." இரண்டாம் முறை செய்தேன். "ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் மேடம், பழகிடும்." மூன்றாம் முறை யாரும் எடுக்கவில்லை.

பழகிடும். சரி. எங்கள் ஊரில் மாட்டை வண்டிக்குப் பழக்கவும் பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வருவான்.

என்னைப் பழக்கியவர் உங்கள் ஆள் இல்லை. அரசு மருத்துவமனையில் நுரையீரல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், கடைக்குப் புடவை எடுக்க வந்தவர். பில் போடும்போது என் கன்னத்தில் இருந்த பட்டைத் தடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, சிபேப் போடுறீங்களா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே இங்கே வைக்கிறேன், நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். சாயந்திரம் சீரியல் பார்க்கும்போது பட்டையை மாட்டாமல் மாஸ்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது உடம்புக்குத் தெரியட்டும். அப்புறம் பட்டையோடு அரைமணி. அப்புறம் பகலில் குட்டித் தூக்கம். பட்டையை உட்கார்ந்துகொண்டு சரிசெய்யக் கூடாது. படுத்து, காற்று ஓடும்போது சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் படுத்தால் கன்னத்தின் வாட்டமே மாறிவிடும். இறுக்கினால் கசியாது என்பது தப்பு, ரப்பர் மடிப்பு காற்றில் உப்பி முகத்தோடு ஒட்ட இடம் வேண்டும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகத்து எண்ணெயைக் கழுவுங்கள். பின்னலைத் தளர்த்திக் கீழ்ப்பட்டையை அதற்கு அடியில் விடுங்கள். குழாயைத் தலைமாட்டுக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள். டாக்டரிடம் போய் ஆரம்ப அழுத்தத்தைப் பற்றி வாய் விட்டுக் கேளுங்கள்.

கேட்டேன். டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்தார். என் பதினோரு ராத்திரியும் அதில் இருந்தது! எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்குப் பிடுங்கி எறிந்தேன், எவ்வளவு காற்று கசிந்தது, எல்லாம். மெஷினுக்குள் சிம் இருக்கிறதாம், தினமும் காலையில் அதுவே அனுப்பிவிடுமாம். அழுத்தத்தை 7-க்கும் 13-க்கும் நடுவில் வைத்தார், மூச்சு விடும்போது காற்று லேசாகத் தணியும்படி ஒரு வசதியையும் போட்டுவிட்டார். இரண்டு நிமிஷ வேலை. அதற்கு 600 ரூபாய் ஃபீஸ். பணம்கூடப் பரவாயில்லை. நான் ஜன்னல் ஓரம் நின்ற ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் திரையில் வந்து விழுந்திருக்கிறது, ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசாங்கக் காப்பீடு இருக்கிறதாம். முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான ஏதாவது 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளாவது 4 மணி நேரம் போட்டிருந்தால்தான் மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பார்களாம். கடுமையான விதிதான், முடியாதவர்களை அது கைவிட்டுவிடும். ஆனால் அங்கே விற்பவனுக்கு நான் தூங்குகிறேனா இல்லையா என்பதில் ஒரு கவலை இருக்கிறது. இங்கே என் இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை, நான் ரொக்கமாகக் கொடுத்தேன், அத்தோடு உங்கள் கவலை தீர்ந்தது. முதல் வாரத்தில் ஒருவர் எப்படிப் போடுகிறாரோ பின்னாலும் பெரும்பாலும் அப்படியே தொடர்வார் என்று உங்கள் ஆராய்ச்சிகளே சொல்கின்றன. அந்த வாரத்தில்தான் நீங்கள் போனை எடுப்பதில்லை.

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் வழி. அது வேண்டாம் என்ற ஒருவருக்கு 1980-இல் காற்று ஊதும் மோட்டாரை வைத்து முதலில் செய்து பார்த்தார், 1981-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். ஆரம்பத்தில் மாஸ்கைத் தினமும் மூக்கில் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்ததாம். அதைப் படித்தபோது என் மூக்குத்திக் கஷ்டம் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் அந்த முதல் நோயாளி ஆய்வுக்கூடத்தில் படுத்திருந்தார், பக்கத்தில் பார்த்துக்கொள்ள டாக்டர் இருந்தார். எனக்கு இருந்தது என் வீட்டுக்காரரும், "பாட்டிக்குப் பிள்ளையார் தும்பிக்கை" என்று கைதட்டிய என் அக்கா பேரனும்தான்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஏரியாவில் கன்டெய்னர் லாரி ராத்திரியெல்லாம் ஓடும். வடக்கே ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும். என் அம்மா வீடு ராயபுரம், 2011-இல் நீதிமன்றம் சொல்லித் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயந்திரம் சாம்பல் நிறத்தில் வரும். இன்றைக்கும் மெஷினின் ஃபில்டர் இரண்டு வாரத்தில் கறுத்துவிடுகிறது. உங்கள் பையன் "மாசத்துக்கு ஒண்ணு போதும்" என்று ஒரே ஒரு ஃபில்டரை உபரியாகக் கொடுத்தார். தண்ணீர் டப்பாவில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னார். மெடிக்கலில் கேட்டால் ஊசிக்குக் கலக்கும் 10 மில்லி குப்பியை நீட்டினார்கள். மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர் கேன் கிடைத்தது. மூச்சில் போகும் தண்ணீருக்கு எது சரி என்று கேட்க ஆளில்லாமல் மெட்ரோ தண்ணீரை ஊற்றினேன், நாலே நாளில் டப்பா அடியில் சுண்ணாம்பு. கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யாரும் சொல்லவில்லை. மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரின் சூட்டை அணைத்துவிட்டால் மெஷின் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, வீட்டு இன்வர்ட்டரே தாங்கும் என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். நேற்றுத் திரையில், மூச்சுத் தடை மணிக்கு 3 தடவை என்று காட்டியது. ஆறரை மணி நேரத் தூக்கம், ஒரே ஒரு தடவை பாத்ரூம். மூக்குத்தியைக் கழற்றி ஒற்றைக்கல் தட்டையாகப் போட்டுக்கொண்டேன், மாமியார் நாலு நாள் பேசவில்லை, அப்புறம் பேசினார். மருந்து நல்ல மருந்து, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. மூன்றாம் நாள் நீங்களாக ஒரு போன் செய்யுங்கள், பத்தாம் நாள் இன்னொன்று, போன் செய்பவர் அதற்கு முன் திரையைத் திறந்து பார்த்திருக்கட்டும். இரண்டு மூன்று அளவு மாஸ்க் கொண்டுவாருங்கள், படுக்கவைத்துப் போட்டுப் பாருங்கள், முதல் மாதத்துக்குள் ஒருமுறை மாற்றிக்கொள்ள விடுங்கள். பெண்கள் வீட்டுக்கு முடிந்தால் ஒரு பெண்ணை அனுப்புங்கள், முன்பின் தெரியாத பையன் எதிரில் படுத்துக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், கடையில் சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் வேலை குறைவு.

இன்னொரு விஷயம். எங்கள் பின்தெருவில் ஒரு அண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறார். போன வருஷம் உங்களில் ஒருவரிடம் மெஷின் வாங்கி, ஐந்து நாள் போட்டுவிட்டு, லாஃப்ட்டில் தூக்கி வைத்துவிட்டார். தூக்கக் கலக்கத்தோடு நாற்பதடி கன்டெய்னரை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் அதை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை அவருக்கு லீவு. யாரையாவது அனுப்புங்கள். அவருக்குப் பெரிய மீசை, அதன் வழியாகத்தான் காற்று கசிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஏற்ற மாஸ்காக எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குறட்டைக்காரி