ஹாஸ்டல் வாசலில் முதல் ஐம்பது மீட்டர்

சென்னை,
பிப்ரவரி 3, 2021

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். உனக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, 8-ஆம் தேதி முதல் எல்லா ஆண்டு மாணவர்களும் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறார்கள். இருநூறு பேருக்கு நீ துணை வார்டன். "அறையை விட்டு வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு" என்று கமிட்டியில் பேசுகிறார்கள், பிள்ளைகளின் மனசுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறாய். கமிட்டியிடம் நீ ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதே. மெஸ் கூடத்தை மூடினால் மூடட்டும், மரத்தடிப் பாதை திறந்திருக்க வேண்டும்.

போன டிசம்பரில் சென்னை ஐஐடியில் நடந்ததை எடுத்துக்கொள். அறுநூறு ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆலமரங்கள், புள்ளிமான், வெளிமான் என்று ஒரு காட்டையே மடியில் வைத்திருக்கும் வளாகம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று வந்தது. ஒரே மெஸ் மட்டும் இயங்கியதும் அதில் கூட்டம் சேர்ந்ததும்தான் அப்போது பேசப்பட்டது. சாப்பிடும்போது முகக்கவசம் இருக்காது, பேச்சு இருக்கும், தலைக்கு மேல் மூடிய கூரை. மூச்சோடு வரும் நுண்துளிகள் அந்தக் காற்றிலேயே தங்கிச் சுற்றும். திறந்தவெளியில் அவை சட்டென்று கலைந்து நீர்த்துப்போகும். ஆறடி தள்ளி நடக்கிற இரண்டு பேருக்கு அதனால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பயம் வந்ததும் நாம் முதலில் பூட்டுவது கேட்டைத்தான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபாலோஃபீல்டு விடுதி வளாகத்தில் போன நவம்பர் 5-ஆம் தேதி உயரமான வேலி போட்டார்கள். மாணவர்கள் அன்று இரவே அதைப் பிடுங்கிச் சாய்த்தார்கள், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. காரணம் சொல்லாமல் அடைத்தால் அடைபட்டவனுக்கு நோயைவிட அடைப்புதான் பெரிதாகத் தெரியும்.

ஊரடங்குக்கு முன்னால் ஒரு மாணவன் நடந்ததில் பெரும்பகுதி அவன் கணக்கிலேயே வராத நடை. ஹாஸ்டலிலிருந்து மெஸ், அங்கிருந்து வகுப்பு, லேப், நூலகம், டீக்கடை, திரும்ப ஹாஸ்டல். முந்நூறு மீட்டர், ஐந்நூறு மீட்டராகச் சேர்ந்து பொழுது சாய்வதற்குள் நாலைந்து கிலோமீட்டர் ஆகிவிடும். வழியில் நாலு முகம், கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல். ஆன்லைன் வகுப்பு வந்ததும் அத்தனையும் போய், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நாலடி மிஞ்சியது. இதை "தினமும் உடற்பயிற்சி செய்யவும்" என்று சுற்றறிக்கை ஒட்டித் திருப்பிக் கொண்டுவர முடியாது. மனசு சோர்ந்தவனுக்கு முதலில் தொலைவது ஒன்றைத் தொடங்கும் திராணிதான். எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்குள் நடையை ஒளித்து வைக்க வேண்டும்.

அதற்குச் சாப்பாட்டைவிட நல்ல கருவி கிடையாது. பார்சலை அறை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கருணைபோல இருக்கும், அதுதான் பையனைக் கட்டிலோடு கட்டிப்போடும். தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டும் வாசலுக்குப் போகட்டும். மற்றவர்களுக்கு ஹாஸ்டலிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளி, மரத்தடியில் மூன்று மேசை போடு. மேசைக்கு மேசை 15 மீட்டர் இடைவெளி. உனக்கு நாலு மாடி, மாடிக்கு ஐம்பது பேர். ஒரு மாடிக்கு இருபது நிமிஷம். தரையில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம். இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பொரியல் தீர்ந்துவிடும், முட்டை தீர்ந்துவிடும் என்று எல்லோரும் முதல் பத்து நிமிஷத்திலேயே வந்து குவிவார்கள். மாடிவாரியாக எண்ணித் தனிக் கூடையில் வை, அப்படி வைத்திருப்பதை முதல் நாளே அறிவித்துவிடு. கடைசி மாடிக்கும் முழு அளவு கிடைக்கும் என்பதை இரண்டு நாள் கண்ணால் பார்த்தால் நெரிசல் தானாக அடங்கும்.

அடுத்தது காலை வெளிச்சம். இரவு மூன்று மணிவரை விழித்திருந்து, ஒன்பது மணி வகுப்புக்குப் போர்வைக்குள்ளிருந்தே வருகைப்பதிவு கொடுப்பதாக எழுதியிருந்தாய். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் திட்டாமல் பார்த்துக்கொள். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் திருத்திக்கொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். டியூப் லைட் எரியும் அறையில் கண்ணுக்கு எட்டுவது 100 முதல் 300 லக்ஸ். வெளியே மேகமூட்டமான பகலில்கூட 10,000 லக்ஸ் இருக்கும். பகல் முழுக்க அறை இருட்டு, நள்ளிரவில் முகத்துக்கு நேரே செல்போன் என்றால் அந்தக் கடிகாரம் தள்ளித்தள்ளிப் போகத்தானே செய்யும்? விழித்த ஒரு மணி நேரத்துக்குள் அரைமணி வெளியே இருந்தால் பல பேருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தூக்கம் முன்னால் நகரும். தூக்கம் சரியானால் எரிச்சலும் அழுகையும் பாதி குறையும்.

பாதைக்குக் கணக்கு இது. 800 மீட்டர் சுற்று ஒன்று கிடைத்தால் போதும். சாதாரண வேகத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிஷம், மூன்று சுற்று அரைமணி, நிமிஷத்துக்கு 100 காலடி வீதம் மூவாயிரம் காலடி. வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிஷம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கீழ்வரம்பு அதுதான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அந்த அளவு சரி. பத்தாயிரம் காலடி என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் கேட்காதே. அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து கிளம்பிய எண். சோர்ந்த பிள்ளைகளை அது பயமுறுத்தத்தான் செய்யும். சுற்றில் ஒரு நேரத்தில் நாற்பது பேர் இறங்கினால் ஆளுக்கு 20 மீட்டர் கிடைக்கும். இருநூறு பேருக்கு ஐந்து அணி: காலை 6.30 முதல் 8 வரை மூன்று, மாலை 4.45 முதல் 5.45 வரை இரண்டு. எல்லோரும் ஒரே திசையில் சுற்றட்டும். எதிரெதிரே வந்தால்தான் குறுகலான இடத்தில் முகத்துக்கு முகம் உரசும்.

மரம் எதற்கு, மொட்டை மைதானத்தில் சுற்றினால் ஆகாதா என்று கமிட்டியில் கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்மன், ஜோனிடஸ், காப்லன் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல். ஒரே ஆட்களை ஒரு வாரம் மரத்தோட்டம் வழியாகவும் இன்னொரு வாரம் கடைவீதி வழியாகவும் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனை வைத்தார்கள். மரத்தோட்டத்தில் நடந்த பிறகு நினைவும் கவனமும் மேம்பட்டன. கடைவீதிக்குப் பிறகு அந்த அளவுக்கு இல்லை. எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. ஜனவரிக் குளிரில், வேண்டாவெறுப்பாக நடந்தவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. நடை பிடிக்காத பையனிடம் இதைச் சொல்லலாம், "ரசிக்கவேண்டாம்டா, போய்விட்டு வா, போதும்." திரையைப் பார்க்கும் கவனம் இழுத்துப் பிடித்த கவனம். இலை அசைவதையும் அணில் ஓடுவதையும் கண் தானாகப் பார்க்கும், அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்த பகுதி இளைப்பாறும். நடக்கும்போதும் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனால் அந்த இளைப்பாறல் கிடைக்காது.

இனி நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம், ஹாஸ்டல் வாசலிலிருந்து முதல் ஐம்பது மீட்டர். பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆள் திரும்பிப்போவது இங்கேதான். காலை 6.30-க்கு நீயே ஒருநாள் செருப்பு மாட்டி இறங்கு. படியடியில் குறுக்கும் நெடுக்குமாக பைக்குகள். பக்கத்தில் மூடியில்லாத சாக்கடை. மெஸ்ஸின் பின்கதவில் எச்சில் டிரம், அதைச் சுற்றி ஐந்தாறு நாய்கள். மெஸ் அடைத்துக் கிடந்த மாதங்களில் சோறு கிடைக்காமல் காய்ந்த நாய்கள் அவை, புதிதாக வருகிறவனைக் கண்டால் உறுமும். பைக்குகளை வேறு பக்கம் மாற்று, டிரம்மைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் மூடி போடு, நாய்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில், பாதையிலிருந்து தள்ளி ஒரே இடத்தில் சோறு வைக்க ஆள் ஏற்பாடு செய். ஐம்பது மீட்டர் தாண்டிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பெஞ்சும் ஒரு மரமும் இருந்தால் கால் அதை நோக்கித் தானாகப் போகும்.

தரைக்கு, இறுக்கிய செம்மண்ணும் கப்பியும் போதும், அகலம் ஆறு அடி. இன்டர்லாக் கல் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் நிழல் விழும் பக்கம் பாசி பிடித்து வழுக்கும். மாலைக்கு விளக்குக் கம்பம் 20, 25 மீட்டருக்கு ஒன்று. மரம் நட இடமிருந்தால் புங்கம் வை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் குல்மோகரையும் தூங்குமூஞ்சியையும் எப்படிச் சாய்த்தது என்பது உனக்கும் நினைவிருக்கும். குழி மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று அடி, மரத்துக்கு மரம் இருபது அடி, கோடையில் வாரம் இரண்டு முறை ஒரு குடம் தண்ணீர், இரண்டு வருஷம். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசிவிடுவார்கள், அதைமட்டும் விடாதே. மூன்றடிச் சதுரம் மண்ணாகவே இருக்கட்டும். சித்திரை வாக்கில் புங்கம்பூ உதிர்ந்து பாதையில் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். பெருக்குகிறவர்களிடம் சொல்லி ஓரமாக மட்டும் ஒதுக்கச் சொல். அந்த வாரங்களில் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

பெண்கள் விடுதி பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நம் ஊரில் பல கல்லூரிகளில் மாலை ஆறு மணிக்கு அவர்கள் கேட் அடைத்துவிடும். வகுப்பெல்லாம் நாள் முழுக்கத் திரையில் என்றால், முடிந்து எழுந்திருக்கும்போதே வெளிச்சம் போய்விடும், அவர்களுக்கு மாலை நடை என்பதே இருக்காது. ஆண்களுக்கு இருக்கும் நேரத்தை அவர்களுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேள். கிடைக்கும்வரை சுற்றுச்சுவருக்கு உள்ளேயாவது பாதை வேண்டும். 60 மீட்டருக்கு 90 மீட்டர் வளாகமாக இருந்தால் சுவரோரம் ஒரு சுற்று 300 மீட்டர், எட்டுச் சுற்று 2.4 கிலோமீட்டர். ஆண்கள் நடக்கும் அதே தூரம். ஆனால் அதைக் காட்டியே கேட்டை அடைத்து வைக்கக் கூடாது.

தொற்று வந்து தனியே இருப்பவர்களுக்கு மரம் தெரியும் ஜன்னல் உள்ள அறைகளை ஒதுக்கு. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளை ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984-இல் எழுதினார்: ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அறைக்குள் ஆறு நிமிஷம் நடந்து முன்னும் பின்னும், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டர் பார்க்கச் சொல். 94-க்குக் கீழே போனாலோ, நடந்ததும் மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ உடனே டாக்டர். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவன் இதைச் செய்யக் கூடாது. மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் மூன்றும் அளவைக் கெடுக்கும். குணமானவனை அடுத்த நாளே மூன்று சுற்றுக்கு அனுப்பாதே. பத்து நிமிஷத்தில் தொடங்கி, மறுநாள் களைப்பு கூடவில்லை என்றால் ஐந்து நிமிஷம் சேர்க்கலாம். படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் நடை நிற்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும்.

நடை எல்லாவற்றையும் சரிசெய்யாது. தொடர்ந்து மூன்று வேளை பார்சல் மேசைக்கு வராதவனின் கதவை அன்றைக்கே போய்த் தட்டு. பேசு, தேவைப்பட்டால் கல்லூரி ஆலோசகரிடம் கூட்டிப்போ. ராத்திரியில் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். மேசையில் மாடிவாரியாக டிக் அடிக்கும் தாள் இதற்கும்தான். அதை நீயே தினம் பார், வேறு யாரிடமும் ஒப்படைக்காதே.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வளாகத்தைக் கையாலேயே ஒரு தாளில் வரைந்து, இருக்கிற மரங்களைப் புள்ளி வைத்துப் படம் பிடித்து அனுப்பு. மாலை 4.45-க்கு எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்பதையும் குறி. எந்தத் திசையில் சுற்றினால் வெயில் முதுகில் படும் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமு