ஷார் 'சார்' ஆகிவிடக் கூடாது: ஒரு ரோபோ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவோருக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். 'மொபைல் சூட் கன்டம்: ஷாரின் எதிர்த்தாக்குதல்' படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதவும், அதை அரங்கில் திரையிடவும் முனைந்திருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். யோஷியுகி டொமினோ எழுதி இயக்கி, சன்ரைஸ் தயாரித்து, 1988 மார்ச் 12 அன்று ஜப்பானில் வெளியான படம். ஓடும் நேரம் இரண்டு மணி. உரிமை இன்று பண்டாய் நாம்கோ ஃபிலிம்வொர்க்ஸ் கையில் இருக்கிறது. சன்ரைஸின் பெயர் 2022இல் இப்படி மாறியது. கடையில் வாங்கிய ப்ளூரே வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். அரங்கில் போடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டு மற்ற வேலைக்கு வாருங்கள்.

பார்வைக்கு இது ராட்சத ரோபோக்கள் மோதும் படம். ஆனால் நாயகன் அமுரோவும் அவன் எதிரி ஷாரும் மோதும்போது வாய் ஓய்வதே இல்லை. பீம் வாள் வீசும்போதும் பேச்சு, ரோபோவை விட்டிறங்கித் துப்பாக்கியோடு ஓடும்போதும் பேச்சு, ஒருவன் பிடியில் மற்றவன் சிக்கிய பிறகும் பேச்சு. பதினான்கு வருடப் பகை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒரு வரி தவறினால் பார்ப்பவருக்கு மிஞ்சுவது வெடிச்சத்தம் மட்டும். அதனால்தான் சப்டைட்டிலைப் பற்றி இத்தனை நீளமாக எழுதுகிறோம்.

முதலில் பெயர்கள். நாயகனின் எதிரி ஷார் அஸ்னபிள். கிரந்தம் வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் 'சார்' என்று எழுதினால் படம் முழுக்க அமுரோ தன் எதிரியை வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் 'சார், சார்' என்று கத்திக்கொண்டிருப்பான். ஜப்பானிய ஒலிப்புக்கு 'ஷா' இன்னும் நெருக்கம். நம் கண்ணுக்கு அது ஒரு குஜராத்திக் குடும்பப்பெயர். 'ஷார்' என்றே வையுங்கள். இருவருக்கும் நடுவில் நிற்கும் இறந்த பெண்ணை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லாலா' என்று எழுதினால் திருநெல்வேலிக்காரர்களுக்கு அல்வாக் கடை நினைவுக்கு வரும். ஜப்பானியத்தில் முதல் எழுத்து குறில், இரண்டாவது நெடில். ஆக, 'லலா'. இது சரியான ஒலிப்பும்கூட.

ரோபோவின் பெயர் இன்னும் வம்பு. 'கண்டம்' என்று எழுதினால் ஒன்று ஆசியாக் கண்டம், இல்லையென்றால் ஜாதகத்தில் தண்ணீரில் உள்ள கண்டம். போதாக்குறைக்கு, இந்தப் படத்தில் அமுரோ ஓட்டும் ரோபோவுக்கு நியூ என்ற கிரேக்க எழுத்து முன்னொட்டாக வருகிறது. 'நியூ கண்டம்' என்று படித்தவர் கொலம்பஸைத்தான் நினைப்பார். முதல் எழுத்தை நெடிலாக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. 'கன்டம்' என்று றன்னகரம் போடுங்கள். தமிழ்ச் சொற்களில் 'ன்ட' சேராது என்பதால், இது வெளியூர்ப் பெயர் என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

ஷார் பூமியில் விழவைக்கப் பார்க்கும் சிறுகோளின் பெயர் ஆக்ஸிஸ். ஆங்கில சப்டைட்டிலை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டால் 'அச்சு விழுகிறது' என்று வந்துவிடும். கையால் தேடி மாற்றுங்கள். ஃபன்னல் என்பது ரோபோவை விட்டுப் பிரிந்து, பைலட்டின் எண்ணத்துக்கு ஏற்பப் பறந்து சுடும் சிறு ஆயுதம். 'புனல்' என்று மொழிபெயர்க்க வேண்டாம். நியூ கன்டத்தின் ஆறு ஃபன்னல்களும் மடித்த பலகைபோல் இருக்கின்றன, புனல் வடிவமே இல்லை. பிறர் எண்ணத்தை உணரும் ஆற்றல் பெற்ற மனிதரைக் குறிக்கும் 'நியூடைப்' என்பதையும் அப்படியே விடுங்கள். 'புதுவகை மனிதர்' என்றால் பேச்சு வேகத்தில் படிக்க முடியாது. மாறாக, ஷார் தலைமையிலான நியோ ஜியோன் படை காட்டும் பொய்க் கப்பல்களுக்கு 'டம்மி' என்ற சொல்லைத் தயங்காமல் போடலாம். காற்றடைத்த பலூன்களைக் கப்பல் கணக்கில் காட்டிச் சரணடைவதாக ஏமாற்றும் வித்தை அது. டம்மி என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

'காலனி' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கதையுலகில் மக்கள் தொகை மிகுந்ததால் ஏழைகளை விண்வெளியில் கட்டிய உருளைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதிகாரமோ பூமியிலேயே தங்கிவிடுகிறது. ஷாரின் கோபத்துக்கு வேர் அதுதான். ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் அந்த உருளைக்குக் காலனி என்று பெயர். தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைக் குறித்து வந்தது. வசையாகவும் புழங்கியதால் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. படத்தின் அரசியலோடு இந்தப் பொருள் தற்செயலாகப் பொருந்தித்தான் போகிறது. அதற்காக அதைப் பயன்படுத்தலாமா என்றால், எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்தது. கடைசியில் 'விண்குடியிருப்பு' என்று முடிவு செய்தோம். பார்வையாளரில் ஒருவருக்குச் சுருக்கென்று குத்தும் சொல்லை இன்னொருவருடைய கற்பனைக் கதைக்கு அலங்காரமாக வைக்கத் தேவையில்லை.

பதவிப் பெயர். நியோ ஜியோன் ஆட்கள் ஷாரை 'தைஸா' என்கிறார்கள். கடற்படைக் கணக்கில் கேப்டன், தரைப்படைக் கணக்கில் கர்னல். 'கேப்டன்' என்று போட்டால் அரங்கில் சிலர் விஜயகாந்தை நினைத்து விசில் அடிப்பார்கள். அது போகட்டும் என்றாலும், எதிரணியில் ரா கைலம் கப்பலின் கேப்டனாக பிரைட் நோவா இருக்கிறார், குழப்பம் வரும். 'கர்னல்' போதும்.

மரியாதை விகுதி அடுத்த சிக்கல். அமுரோவும் ஷாரும் ஒருவருக்கொருவர் 'நீ'தான். குவெஸ் பதின்மூன்று வயதுப் பெண், அமைச்சக அதிகாரியின் மகள், யாருக்கும் அடங்காதவள். ஷாரோடு அவள் குழைந்து பேசுவாளே தவிர பணிந்து பேச மாட்டாள். வயதைப் பார்த்து அவள் வாயில் 'நீங்கள்' வைத்தால் அந்தப் பாத்திரமே மாறிவிடும். ஸ்வீட்வாட்டர் என்ற விண்குடியிருப்பில் ஷார் ஆற்றும் மேடைப்பேச்சு மட்டும் நல்ல எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அங்கே நம் மேடைகளின் அடுக்குமொழியைக் கொண்டுவந்து இறக்கக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மக்கள் கொண்டாடும்போது அவனே தன் வேடத்தைக் கோமாளித்தனம் என்று நினைக்கிறவன். வரி கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் அது தெரியும்.

எங்கள் முக்கியமான வேண்டுகோள்: ஆங்கில சப்டைட்டிலிலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். ஜப்பானியமும் தமிழும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். டொமினோவின் பாத்திரங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். வினை வருவதற்குள் வாக்கியம் அறுபடும்போது, அவன் என்ன சொல்ல வந்தான் என்பது தொங்கலில் நிற்கும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் அந்தத் தொங்கல் போய்விடுகிறது. அதைத் தமிழாக்கினால் தமிழால் இயல்பாகச் செய்யக்கூடிய ஒன்றையும் நாமே இழந்துவிடுகிறோம். ஜப்பானியம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டுப்பட்ட வாக்கியங்களை மட்டுமாவது மூலத்தோடு சரிபாருங்கள்.

அதைவிட ஆபத்தான இடம் ஒன்று. கடைசிப் பகுதியில் லலாவைப் பற்றி ஷார் பேசும் வரி. தனக்கு ஒரு தாயின் இடத்தை அவள் தந்திருப்பாள், அந்த வாய்ப்பை அமுரோ கொன்றுவிட்டான் என்பது பொருள். இதை 'என் தாயாக இருந்திருக்கலாம்' என்று எழுதினால் ஊகமாகிவிடும்: பிறந்தபோது பிரிந்த தாய் இவள்தானோ என்று பார்ப்பவர் நினைப்பார். தமிழ் சினிமாவில் வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். 'எனக்குத் தாயாகியிருப்பாள்' என்றால் சந்தேகமில்லை, எழுத்தும் குறைவு.

இனி கணக்கு. ஒரு முறைக்கு இரண்டு வரி, வரிக்கு 35 எழுத்துக்குள். குறைந்தது ஒரு நொடி, அதிகபட்சம் ஆறு நொடி. நொடிக்குப் பத்து எழுத்தைத் தாண்டினால் ரோபோவைப் பார்க்க நேரம் இருக்காது. சப்டைட்டில் மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 'போராட்டம்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் பல மென்பொருள்கள் ஒன்பது என்று எண்ணும். சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து நல்ல வரியைக் குதறுவது பலருக்கும் நேர்கிறது. வரியை உடைக்கும்போது பெயரெச்சத்தை மேல்வரியில் விட்டுப் பெயரைக் கீழே தள்ளாதீர்கள். 'நீ கொன்ற' என்று மேலேயும் 'லலா' என்று கீழேயும் வந்தால் படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுவார்.

கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். இல்லையென்றால் திரையில் கட்டங்களோ புரியாத குறிகளோதான் வரும். சில பழைய பிளேயர்கள் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். அரங்கின் கருவியில் முன்கூட்டியே சோதிக்க முடியாவிட்டால், உரிமையாளரின் ஒப்புதலோடு எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு. வெள்ளை எழுத்துக்குத் தடித்த கறுப்பு ஓரம் கட்டாயம். விண்வெளி கறுப்பு என்று எண்ணி ஓரத்தைக் குறைத்தால் வெடிப்பு வரும்போதெல்லாம் வசனம் கரைந்துபோகும். இந்தப் படத்தில் முக்கியமான வசனங்கள் வெடிப்பின் மேல்தான் வருகின்றன.

நேர ஒத்திசைவு. ப்ளூரேயில் படம் நொடிக்கு 23.976 சட்டம் (ஃபிரேம்). சப்டைட்டிலை 24க்குக் கணக்கிட்டிருந்தால் முதல் வசனம் சரியாக வரும், கடைசி வசனம் ஏழு நொடி விலகும். 25 சட்டப் பிரதியை வைத்து எழுதியிருந்தால் விலகல் ஐந்து நிமிடத்தை நெருங்கும். ஆரம்பத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுந்துவிட்டால் இது பிடிபடாது. 110ஆவது நிமிடத்துக்குத் தாவிப் பாருங்கள்.

திரையின் அளவு: படம் ஏறக்குறைய 1.85:1. நம் அரங்குகளில் பல ஸ்கோப் திரைகள், 2.35:1. பக்கவாட்டில் கறுப்பு தெரிகிறதே என்று புரொஜெக்டரில் பெரிதாக்கினால் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். பதித்த எழுத்தின் கீழ்வரியும் அதோடு போகும். கறுப்பு தெரியட்டும்.

பார்வையாளருக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள். படம் யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஃபிஃப்த் லூனா என்ற சிறுகோள் திபெத்தின் லாசாவை நோக்கி வந்துகொண்டிருக்கும். தாளில் இவை இருந்தால் போதும். அண்ட நூற்றாண்டு (கதையின் ஆண்டுக்கணக்கு) 0079இல் ஜியோன் என்ற விண்குடியிருப்பு நாடு பூமிக்கெதிராகப் போர் தொடுத்தது. மனித இனத்தில் பாதி அழிந்தது. அந்தப் போரில் அமுரோவும் ஷாரும் எதிரெதிர் அணி. ஷாரைக் காக்கக் குறுக்கே வந்த லலா, அமுரோவின் கையால் இறந்தாள். 0087இல் ஷார் வேறு பெயரில் அமுரோவின் பக்கம் நின்று போரிட்டுப் பின் காணாமல்போனான். இப்போது 0093, நியோ ஜியோனின் தலைவனாகத் திரும்பியிருக்கிறான். மினோவ்ஸ்கி துகள் ரேடாரைக் குருடாக்குவதால்தான் இந்த உலகில் தூர ஏவுகணை பயனற்று, கண்ணெதிரே ரோபோக்கள் மோதுகின்றன. எண்ணத்தை இயந்திரத்துக்குக் கடத்தும் உலோகச் சட்டத்தின் பெயர் சைக்கோ-ஃபிரேம். சமமான சண்டை வேண்டும் என்பதற்காக ஷாரே அந்த நுட்பத்தை எதிரிக்குக் கசியவிடுகிறான். முடிவைத் தாளில் எழுதாதீர்கள்.

முன்கூட்டியே பார்க்க விரும்புவோருக்கு 1979இன் முதல் தொடரைச் சுருக்கி 1981, 82இல் வந்த மூன்று படங்களைச் சொல்லுங்கள். மொத்தம் ஏறக்குறைய ஏழு மணி நேரம். 1985இன் ஜீட்டா தொடருக்கு நேரமிருந்தால் நல்லது. அதன் 2005–06 சுருக்கப் படங்கள் முடிவை மாற்றிவிட்டன. இடையில் வந்த இரட்டை ஜீட்டா தொடரில் ஷார் இல்லை. இந்தப் படத்துக்காக அதைப் பார்க்க வேண்டியதில்லை.

போஸ்டருக்கு ஃபுகுவோகாவில் நிற்கும் முழு அளவுச் சிலையின் படத்தைப் போடாதீர்கள். அது 2022இல் அந்த இடத்துக்கென்றே வண்ணமும் ஆயுதமும் மாற்றிச் செய்த வேறு வடிவம். யுடாகா இஸுபுச்சி வடிவமைத்த படத்து ரோபோ வெள்ளையும் கருநீலமும்.

முடிவில் டிஎம் நெட்வொர்க் குழுவின் பாடல் பெயர்ப்பட்டியல் மேல் ஓடும். பாடல் வரியை மொழிபெயர்க்கத் தனி உரிமை வேண்டியிருக்கும், விட்டுவிடுங்கள். பட்டியல் முடியும்வரை அரங்க விளக்கைப் போட வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பெயர்ப்பட்டியல் வந்ததும் விளக்கைப் போடுவது அவருக்குக் கைப்பழக்கம்.

அன்புடன்,
கன்டம் ரசிகர்கள் சிலர்