கடலுக்கு மட்டும் போட்ட சமாதானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா ஷேக் நாடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட முடியாது. கடற்கொள்ளைக்காரர்களை ஆங்கிலேயர் அடக்கியதும் அமைதி வந்துவிட்டது என்பது ஒன்று. எல்லைகளையெல்லாம் ஆங்கிலேயர் மேசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கிழித்தார்கள் என்பது மற்றொன்று. 1922இல் உகைர் துறைமுகத்தில் ஆங்கிலேய அதிகாரி பெர்சி காக்ஸ் வரைபடத்தின் மேல் கோடு போட்டு குவைத், நஜ்து (இன்றைய சவூதியின் நடுப்பகுதி), ஈராக் எல்லைகளை முடிவு செய்தது உண்மை. ஆனால் அபுதாபியிலிருந்து ராஸ் அல் கைமா வரையிலான கரையின் (இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின்) கதை வேறு. அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலேயர் கவலைப்பட்டது கடலைப் பற்றித்தான். நிலத்தை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த சண்டைகள் பலவற்றுக்கும் அதுவே வேர்.

முதலில் 'கொள்ளைக்காரர்' என்ற சொல். ராஸ் அல் கைமாவிலும் ஷார்ஜாவிலும் இருந்த கவாசிம் குலத்தார் மஸ்கட்டோடு நெடுங்காலப் பகையில் இருந்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோ 1798 முதல் மஸ்கட்டோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. ஒரு பக்கத்தின் நண்பன் மறுபக்கத்தைக் கொள்ளையர் என்று அழைத்தால் அந்தச் சொல்லை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1819 டிசம்பரில் கிராண்ட் கீர் தலைமையில் பம்பாயிலிருந்து வந்த படை ராஸ் அல் கைமாவைப் பிடித்தது. 1820 ஜனவரியில் ஷேக்குகள் ஒருவர் பின் ஒருவராகச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவை இன்றும் கண்ணால் பார்க்கலாம். சமாதானத்தில் சேர்ந்த அரபுகளின் கப்பல்கள் வெள்ளைக் கரையிட்ட சிவப்புக் கொடியைத்தான் பறக்கவிட வேண்டும் என்கிறது அது. ஷார்ஜா, ராஸ் அல் கைமா கொடிகளில் சிவப்பைச் சுற்றி வெள்ளை ஓடுகிறது. துபாய், அஜ்மான் கொடிகளில் கம்பத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை. அபுதாபியில் அது மூலையில் ஒரு கட்டமாகச் சுருங்கிவிட்டது. ஐந்தும் அந்தப் பிரிவின் வாரிசுகள்.

கட்டுரையாளர் 1820ஐச் சொல்லிவிட்டு நேரே நிரந்தர ஒப்பந்தம் வந்த 1853க்குத் தாவிவிடுகிறார். இடையில்தான் விஷயமே இருக்கிறது. 1820 ஒப்பந்தம் தடுத்தது கொள்ளையை மட்டுமே. அரசுக்கும் அரசுக்கும் இடையே வெளிப்படையாக அறிவித்த போரைத் தடுக்கவில்லை. இரண்டும் வேறு என்று அதுவே பிரித்துச் சொல்கிறது. எனவே முறைப்படி பகையை அறிவித்துவிட்டு ஒரு ஷேக் இன்னொருவர் கப்பலைத் தாக்கலாம். அடுத்த 15 ஆண்டுகள் அப்படித்தான் போயின. 1833இல் பனி யாஸ் குலத்தின் அல் பூ ஃபலாசா பிரிவினர் சுமார் 800 பேர் அபுதாபியை விட்டு துபாய்க்குக் குடிபெயர்ந்தபோது பகை இன்னும் முற்றியது. முத்துக்குளிப்புக் காலத்தில் அடி விழுந்தால் தோற்றவன் வென்றவன் இருவர் வீட்டிலும் அடுப்பு எரியாது.

இதை உணர்ந்து வழி கண்டவர் ஆங்கிலேய அதிகாரி சாமுவேல் ஹென்னல். 1835 மே 21 அன்று அவர் ஷேக்குகளிடம் பெற்ற வாக்குறுதி ஆறு மாதத்துக்கு மட்டுமானது: நவம்பர் வரை கடலில் யாரும் யாரையும் தாக்கக் கூடாது. ஆறு மாதம் என்ற கணக்கு முத்துக்குளிப்பிலிருந்து வந்தது. பெரிய குளிப்பு ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை. எல்லா ஷேக்குகளின் ஆட்களும் ஒரே முத்துப்பார்களில் (கடலடி முத்துப் படுகைகளில்) அருகருகே நங்கூரமிட்டு நிற்பார்கள். பார்கள் பொதுச் சொத்து. மூழ்குபவன் மூக்கை இடுக்கியால் அடைத்து, காலில் கல்லைக் கட்டி இறங்குவான். மேலே கயிறு பிடிப்பவன் கீழிருந்து வரும் அசைவுக்குக் காத்திருப்பான். அந்த நேரத்தில் எதிரிப் படகு ஒன்று தென்பட்டால் இருவரும் கையாலாகாதவர்கள். நம் மன்னார் வளைகுடா முத்துப்பார்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கப்பல் தலைவனை அங்கும் நகுதா என்றே சொல்கிறார்கள். நம் கிழக்குக் கரை மரக்காயர்களிடம் வழங்கும் அதே சொல்.

பயன் தெரிந்ததும் ஷேக்குகள் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தார்கள். 1843இல் அது பத்தாண்டு ஒப்பந்தமாயிற்று. 1853 மே மாதம் நிரந்தரமாயிற்று. அந்த நிரந்தர ஒப்பந்தத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது: கடலில் உன்னை எவராவது தாக்கினால் உடனே பதிலடி கொடுக்காதே, ரெசிடென்டுக்கோ (வளைகுடாவில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதி) கெஷ்ம் தீவின் பாசிதூவில் இருக்கும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதிக்கோ தெரிவி, நஷ்டஈடு அவர்கள் வாங்கித் தருவார்கள். பழிக்குப் பழி என்பது குலத்தின் மானமாக இருந்த இடத்தில், பழியை ஒரு மனுவாக மாற்றிய விதி அது. ஷேக்குகள் அதை ஏற்றது பீரங்கிக்குப் பயந்து மட்டும் என்று சொன்னால், ஆண்டுதோறும் அவர்களே புதுப்பிக்க வந்ததை எப்படி விளக்குவது?

ரெசிடென்ட் இருந்ததோ கடலுக்கு அக்கரையில், பாரசீகத்தின் புஷயரில். ஷார்ஜாவில் அவருக்கு ஓர் உள்ளூர் முகவர். நூறாண்டுக்கும் மேலாக அந்தக் கரையில் ஆங்கில அதிகாரி எவரும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை. புஷயர் 1873 வரை பம்பாய் அரசுக்கும், பிறகு இந்திய அரசுக்கும் கட்டுப்பட்டிருந்தது. நாணயமும் ரூபாய்தான். 1959இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு வந்தது. ட்ரூசியல் (போர்நிறுத்த) ஷேக் நாடுகள் என்று பெயர் பெற்ற இந்தக் கரையில் அது 1966 வரை செல்லுபடியானது.

விதியை மீறினால் அபராதம், அல்லது படகு எரிப்பு. 1867இல் பஹ்ரைனும் அபுதாபியும் சேர்ந்து கடல்வழியாக வந்து தோஹாவையும் வக்ராவையும் சூறையாடின. பஹ்ரைன் 1861இலேயே கடல் தாக்குதல் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. 1868 செப்டம்பரில் அப்போதைய ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி போர்க்கப்பல்களோடு வந்தார். பஹ்ரைன் ஷேக் முகமது பின் கலீஃபா ஓடிவிட்டார். அவர் தம்பி அலியை உட்கார வைத்து, பஹ்ரைன் மீது ஒரு லட்சம் டாலர் (அக்காலத்து வெள்ளி நாணயம்) அபராதம் விதித்தார்கள். அதே பயணத்தில் செப்டம்பர் 12 அன்று தோஹாவின் தலைவர் முகமது பின் தானியிடமும் தனியாக ஒரு வாக்குறுதி வாங்கினார் பெல்லி. கடல் அமைதிக்காக எழுதிய அந்தத் தாள்தான் பஹ்ரைனிலிருந்து கத்தாரைப் பிரித்துக் காட்டிய முதல் ஆவணம்.

கடனும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. மூழ்குபவன் முன்பணம் வாங்கிக்கொண்டு பக்கத்து ஷேக்கிடம் ஓடிப்போவது வழக்கம். 1879இல் ஓர் உடன்பாடு: ஓடி வந்தவனைத் திருப்பி அனுப்பாத ஷேக்குக்கு 50 டாலர் அபராதம், அவனை முத்துப்பாருக்கும் போகவிட்டால் 100 டாலர். ஏழை மூழ்குபவனுக்கு இருந்த ஒரே தப்பிக்கும் வழியை அடைத்த உடன்பாடு அது. கட்டுரையில் அவனுக்கு ஒரு வரி கூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

நிலத்தில்? ஒன்றும் கிடையாது. பாலைவனத்தில் ஒட்டகத்தில் போய் அடித்தால் ரெசிடென்ட் தலையிட மாட்டார். 1888-89இல் அபுதாபியின் சாயிதும் கத்தாரின் ஜாசிமும் மாறி மாறிப் படையெடுத்தார்கள். ஜாசிமின் மகன் ஒருவர் கொல்லப்பட்டார். 1892 ஒப்பந்தத்தில் ஷேக்குகள் கொடுத்த வாக்குறுதிகள் மூன்று: பிரிட்டனைத் தவிர வேறு எந்த அரசோடும் ஒப்பந்தமோ கடிதத் தொடர்போ இல்லை, வேற்றரசின் முகவரைத் தங்கவிடுவதில்லை, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கொடுக்கவோ மாட்டோம். பதிலுக்கு, நிலத்தில் தாக்குதல் வந்தால் காப்பாற்றுவோம் என்று பிரிட்டன் எழுதித் தரவில்லை. 1945 முதல் 1948 வரை துபாயும் அபுதாபியும் எல்லைக்காக மோதிக்கொண்டது இந்த ஓட்டையின் விளைவு.

எண்ணெய் வந்ததும் நிலைமை தலைகீழானது. 1939இல் அபுதாபி 75 ஆண்டு எண்ணெய் உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எண்ணெய்க் கம்பெனிக்கு எல்லை தெரிய வேண்டும்; ஆனால் அங்கே எல்லை என்பது கோடாக இருந்ததில்லை. எந்தக் குலம் யாருக்கு விசுவாசம், கிணறு யாருடையது, ஜகாத் என்ற சமய வரியை யார் வசூலிக்கிறார் என்பதுதான் எல்லை. சவூதி அரேபியா உரிமை கோரிய புரைமி பாலைவனச் சோலை வழக்கில் சிக்கலானதும் இதுவே. ஒன்பது ஊர்கள்: ஆறு அபுதாபிக்கு, மூன்று ஓமனுக்கு. 1952 ஆகஸ்டில் சவூதி அதிகாரி துர்கி பின் உதைஷான் அவற்றில் ஒன்றான ஹமாசாவில் வந்து உட்கார்ந்தார். சவூதி தரப்பு ஜகாத் வசூலைச் சான்றாக முன்வைத்தது. ஆனால் பதூவீன் (பாலைவன நாடோடி) ஒருவன் ஜகாத் கொடுத்தது விசுவாசத்தாலா, அந்த ஆண்டு பலசாலியாக இருந்தவனிடம் உயிர் தப்பவா? கணக்கு நோட்டில் அது எழுதியிருக்காது. 1955இல் ஜெனீவா நடுவர் மன்றம் கலைந்தது. அக்டோபர் 26 அன்று ஆங்கிலேயர் தலைமையிலான ட்ரூசியல் ஓமன் லெவீஸ் படை புரைமியைக் கைப்பற்றியது.

ஷேக் நாடுகளுக்கு இடையே இருந்த எல்லைகளை 1950களில் ஆங்கிலேய அதிகாரி ஜூலியன் வாக்கர் ஊர் ஊராகச் சுற்றி, குலத்தலைவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஸ்கேல் வைத்திருந்தால் படம் இவ்வளவு துண்டு துண்டாக இருந்திருக்குமா? எமிரேட்டுகளுக்கு நடுவே மத்ஹா என்ற ஓமன் ஊர். அந்த மத்ஹாவுக்கு உள்ளே நஹ்வா என்ற ஷார்ஜா ஊர். நீங்கள் அச்சிட்ட வரைபடத்தில் இரண்டுமே இல்லை. அடுத்த பகுதியில் படம் போடும்போது குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்
நாகப்பட்டினம்