மாசமான பிறகு திட்டாதீங்க, முன்னாடியே சொல்லுங்க

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் என் தங்கச்சிய கர்ப்பம் பதிவு பண்ண கூட்டிட்டுப் போனேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். வராண்டாவுல வெயிட் மிஷின், அவள ஏத்தி நிறுத்திட்டு "எண்பத்தாறு"ன்னு கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொன்னாங்க, உட்கார்ந்திருந்த மாமியாருங்க அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க, அவ மாமியாரும்தான். உள்ள போனா டாக்டரம்மா "முன்னாடியே குறைச்சிருக்க வேணாமா"ன்னு ஒரு திட்டு, அந்த வாயோடயே "இப்ப டயட் கியட்னு எதுவும் ஆரம்பிச்சிடாத"ன்னு ஒரு எச்சரிக்கை. அவ ஒண்ணும் பேசல. வெளிய வந்து கார்டை, வெயிட் எழுதுன பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு பர்ஸுல வச்சா.

டாக்டரம்மா சொன்னதுல தப்பில்லைங்க. ஆனா முன்னாடியேன்னா எப்ப? யாரு சொன்னாங்க?

கருவோட மூளை, தண்டுவடம் உருவாகுற குழாய் மொத 28 நாள்லயே மூடிடுது, நிறைய பேருக்கு நாள் தள்ளிப்போனதே அப்பதான் தெரியும். நீங்க பதிவு பண்ணக் குடுக்குற 12 வாரம் அதுக்கு ரொம்ப லேட். வெயிட் அதிகமா இருந்தா கர்ப்ப கால சுகர் வர வாய்ப்பு கூடுது, அந்த சுகர் நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்கும் போகுது. ரொம்ப ஒல்லியா இருந்தா குறை எடையில, குறை மாசத்துல பிறக்க வாய்ப்பு அதிகம். ரொம்ப குண்டான அம்மாக்களோட பிள்ளைங்களுக்கு விரல் வேலைக்கான திறமை கொஞ்சம் தாமதமாகலாம், துறுதுறுப்புப் பிரச்சினையும் வரலாம்னு வெளிநாட்டு ஆய்வுங்க சொல்லுது, அதுக்கு வெயிட் மட்டும்தான் காரணமான்னு இன்னும் முடிவாகல. அதனாலதான் சொல்றேன், தாயைக் குத்தவாளியாக்க அதுல ஒண்ணுமில்ல, முன்கூட்டியே உதவி பண்ண நிறைய இருக்கு.

2019-21 தேசிய குடும்பநல சர்வேல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்கள்ல 40.4 சதவீதம் பேர் அதிக எடை, 12.6 சதவீதம் பேர் எடை குறைவு. உங்களுக்குத் தெரியாத கணக்கா? ஆனா மாசமானா ரெண்டு பேருக்கும் நீங்க குடுக்குறது ஒரே ஊட்டச்சத்துப் பெட்டி, அதே நெய், அதே பேரீச்சம்பழம், அதே ஹெல்த் மிக்ஸ். நல்ல சமத்துவம்!

கல்யாணமான மறுமாசமே விசேஷம் உண்டான்னு கேக்க ஊரே இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு தடவ சுகர், தைராய்டு, ரத்தம் பார்த்துக்கோன்னு சொல்ல ஒருத்தர் இல்ல. ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பார்த்தாச்சாம், போதுமாம். இதுல மாப்பிள்ளை வெயிட்டைப் பத்தி எவனாவது வாயத் திறப்பானா, அது தனிக் கதை, விடுங்க.

கேக்குறது ஒண்ணுதான், கர்ப்பத்துக்கு முன்னாடியே பார்க்க ஒரு ஏற்பாடு பண்ணுங்க. புதுசா ஆளும் கட்டடமும் கூட வேணாம். மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து எங்கம்மாவுக்கு பி.பி. பார்த்து மாத்திரை குடுக்குறாங்களே, அந்த அக்காவே அதே வீட்டுல புதுசா கல்யாணமான பொண்ணையும் பையனையும் உட்கார வச்சு உயரம், வெயிட், சுகர் பார்க்கட்டும், பொண்ணுக்கு, நான் மேல சொன்ன அந்தக் குழாய் சரியா மூட உதவுற போலிக் ஆசிட் மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணும்னு சொல்லட்டும், குறைக்கணும்னா எப்படி, ஏத்தணும்னா எப்படின்னு பேச ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரத்துல ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, வேலைக்குப் போறவங்களும் வரணும்ல.

அது வர்ற வரைக்கும் வெயிட்டைக் கார்டுல எழுதுனாப் போதும், கத்திச் சொல்ல வேணாம்னு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
தங்கச்சிக்குத் துணையா வந்த ஒரு அக்கா